கராச்சர்மா ஓடைக்கரையில் வீடு கட்டலாமா? தீவுக் கடலோர விதிகள் கூறுவது என்ன

ஸ்ரீவிஜயபுரம்: தெற்கு அந்தமானில் கடலுக்கு அருகில் மனை வாங்க எண்ணுவோர் முதலில் கேட்கும் கேள்வி, "கரையிலிருந்து எத்தனை மீட்டர் விட வேண்டும்?" என்பதே. தற்போதைய விதிகளின்படி ஊரகக் கடற்கரைக்கு அதற்கான பொதுவான விடை 100 மீட்டர். ஆனால் கராச்சர்மா போன்ற ஊரில் அந்த எண்ணை மட்டும் அறிந்துகொண்டு வீடு கட்ட முடியாது. 100 மீட்டரை எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்பதுதான் அங்கு உண்மையான கேள்வி. அந்தக் கோடு, 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஒரே காலையில் இடம்பெயர்ந்தது.

2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு அருகில் உள்ள குடியிருப்புப் பகுதி கராச்சர்மா. மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் இங்குதான் உள்ளது. தலைநகரில் பணிபுரியும் அரசு ஊழியர்கள், வணிகர்கள், பிற தீவுகளிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இடம்பெயர்வோர் எனப் பலரும் வீடு தேடும் வட்டாரம் இது. தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என 2011 கணக்கெடுப்பு கூறுகிறது. ஆகவே, இந்த விதிகள் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அன்றாடக் கவலையே.

நிலத்துக்கு ஏன் இத்தனை நெருக்கடி என்பதற்கு ஒரு கணக்கே போதும். தீவுக்கூட்டத்தின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் 7,171 சதுர கிலோமீட்டர் பதிவுபெற்ற வனப்பகுதி. மீதமுள்ள இடத்தில்தான் ஊர்களும் வயல்களும் சாலைகளும் விமான நிலையமும் படைத்தளங்களும் அமைய வேண்டும். அந்த மீதத்திலும் பெரும்பகுதி மேடும் சரிவுமாக இருப்பதால், சமதரை என்று கிடைப்பது பெரும்பாலும் ஓடைப் பள்ளத்தாக்குகளிலும் கரையோரத்திலும்தான். வீடு கட்ட எளிதான நிலமும் ஓதநீர் எளிதில் வந்து சேரும் நிலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

விதிகள் வந்த வழி

கடற்கரையில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது எனலாம். உயர் ஓதத்தின்போது நீர் எட்டும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையில் எந்த நடவடிக்கையும் இருக்கலாகாது என்று அதில் அவர் கேட்டுக்கொண்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1991 பிப்ரவரி 19 அன்று, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது.

அந்த அறிவிக்கையில் அந்தமான் நிகோபார் தீவுகளும் லட்சத்தீவும் நான்காம் மண்டலத்தில் வைக்கப்பட்டன. அந்தமானில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. 200 முதல் 500 மீட்டர் வரை கட்டலாம். ஆனால் இரண்டு தளங்களுக்கு மேல் கூடாது, உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது, மனையில் பாதிக்கு மேல் கட்டடம் நிறையக் கூடாது. கடற்கரை மணலையும் பவளப்பாறையையும் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தவும் தடை விதிக்கப்பட்டது.

2011 ஜனவரி 6 அன்று தீவுகளுக்கெனத் தனியாகத் தீவுப் பாதுகாப்பு மண்டல அறிவிக்கை வந்தது. அதன் இடத்தில் 2019 மார்ச் மாதம் வெளியானதே இன்றைய தீவுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. இது தீவுகளைப் பரப்பளவின்படி பிரிக்கிறது. தெற்கு அந்தமான், மத்திய அந்தமான், வடக்கு அந்தமான், பெரிய நிகோபார் ஆகிய 1,000 சதுர கிலோமீட்டர் அளவிலான பெருந்தீவுகள் முதல் தொகுதி. பாரத்தாங், சிறிய அந்தமான், ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவு, கார் நிகோபார் போன்றவை இரண்டாம் தொகுதி. முதல் தொகுதியில் ஊரகக் கரையின் கட்டுமானத் தடைப் பகுதி 100 மீட்டர். இரண்டாம் தொகுதியில் அது 50 மீட்டர். முன்பு இருந்த 200 மீட்டரோடு ஒப்பிட்டால் இது பெரிய தளர்வு. சுற்றுலாவுக்கும் உள்ளூர் மக்களின் வீட்டுத் தேவைக்கும் இடம் கிடைக்கும் என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம். ஆழிப்பேரலை கண்ட தீவுகளில் கரையை நெருங்கிக் கட்ட விடுவதா என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி.

பழைய ஆவணங்களைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1991-இல் 'நான்காம் மண்டலம்' என்றால் தீவு நிலம். 2011-க்குப் பின்னர் 'நான்காம் மண்டலம்' என்பது கடல்நீர்ப் பரப்பு. தாழ் ஓதக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை. தொண்ணூறுகளில் பெற்ற சான்றிதழில் நான்காம் மண்டலம் என்று எழுதியிருப்பதைக் கண்டு திகைக்கவும் வேண்டாம். இன்றைய அனுமதிக்கு அதை ஆதாரமாக நீட்டவும் வேண்டாம்.

இடம்பெயர்ந்த கோடு

எல்லா அளவுகளும் தொடங்கும் இடம் உயர் ஓதக் கோடு. பெருவோத நாள்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிகுதியாகப் பொங்கும் நாள்களில், நீர் நிலத்தில் எட்டும் மிக உயர்ந்த எல்லையே அது. நண்பகலில் கரையில் நின்று பார்க்கும் அலையின் விளிம்பு உயர் ஓதக் கோடு ஆகாது. மனையைக் காட்டுபவர் தாழ் ஓத நேரத்தில் அழைத்துச் சென்று காட்டினால், 100 மீட்டர் இருப்பதாகத் தோன்றும் இடம் உண்மையில் 60 மீட்டராகவும் இருக்கலாம்.

கோட்டை யாரும் தம் விருப்பப்படி வரைய முடியாது. நாட்டின் கடற்கரை நெடுகிலும் அதை வரையறுக்கும் பொறுப்பு, சென்னையில் இயங்கும் நிலைத்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையத்திடம் உள்ளது. மண்டலத் திட்டத்தின் வரைபடங்கள் பொதுவாக 1:25,000 அளவையில் அமைகின்றன. அந்த அளவையில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். பென்சில் கோட்டின் தடிப்பே ஒரு வீட்டை விழுங்கிவிடும். எனவே தனி மனையின் நிலையை அறிய 1:4,000 அளவையில் தயாராகும் உள்ளூர் வரைபடமோ, புல எண்ணுடன் பொருத்தப்பட்ட படமோ தேவை.

கராச்சர்மா வட்டாரத்தில் இந்தக் கோட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து வடக்கு அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தட்டு பிளந்தது. ஆழிப்பேரலை பற்றி அனைவரும் அறிவர். அந்தப் பிளவு தரையின் உயரத்தையே மாற்றியது என்பது தீவுகளுக்கு வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. வடக்கு அந்தமானின் சில பகுதிகள் மேலெழுந்தன. அங்கே பவளத் திட்டுகள் நீருக்கு வெளியே வந்து வெளுத்தன. தெற்கே நிலம் தாழ்ந்தது. பெரிய நிகோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. போர்ட் பிளேர் பகுதியின் தாழ்வு ஏறத்தாழ ஒரு மீட்டர்.

ஒரு மீட்டர் என்பது சரிவான மலைப்புறத்தில் கண்ணுக்கே தெரியாத மாற்றம். சமதரையில் அதன் பொருள் வேறு. கராச்சர்மாவுக்கு அருகில் உள்ள சிப்பிகாட்டில் நெல் விளைந்த தாழ்நிலங்களுக்குள் ஓதநீர் புகுந்தது. பேரலை வடிந்த பின்னும் அந்த நீர் திரும்பிப் போகவில்லை. நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் கடலின் பகுதியாகவே அந்த வயல்கள் மாறின. ஏற்கெனவே நின்ற அலையாத்தி மரங்களில் பல, வேர்கள் நீருக்குள் அமிழ்ந்தே கிடந்ததால் பட்டுப்போயின. காலப்போக்கில் பழைய வயல்வெளிகளில் புதிய அலையாத்திகள் தலையெடுத்தன. இன்று சிப்பிகாட் நீர்ப்பறவைகளைக் காண வருவோர் விரும்பும் இடமாக இருக்கிறது. பறவை ஆர்வலருக்கு மகிழ்ச்சி தரும் அக்காட்சி, ஒரு காலத்தில் அங்கே நாற்று நட்ட குடும்பத்துக்கு இழந்த சொத்தின் காட்சி.

சட்டத்தின் பார்வையில் இதன் விளைவு என்ன? உரிமைப் பதிவேட்டில் அந்த நிலம் இன்னும் வயல் என்றே இருக்கலாம். ஆனால் தாழ் ஓதக் கோட்டுக்கும் உயர் ஓதக் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி முதல் மண்டலத்தின் ஒரு பிரிவு. அங்கே வீடு கட்டும் பேச்சுக்கே இடமில்லை. அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால், அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் அதே மண்டலத்தின் மிக உணர்திறன் வாய்ந்த பிரிவில் சேரும். அத்துடன், நீர் உள்ளே வந்த அளவுக்கு உயர் ஓதக் கோடும் உள்ளே வந்துவிடுகிறது. 2004-க்கு முன் கடலுக்கு வெகு தொலைவில் இருந்த மேட்டு மனை, நிலத்தில் எந்த மாற்றமும் இன்றி, விதிகளின் எல்லைக்குள் வந்துவிட்டிருக்கலாம்.

ஓடைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. திறந்த கடல்முகத்தில் அளக்கும் 100 மீட்டரை ஓடைக்கரையில் அப்படியே பொருத்தலாகாது. பெருநிலத்துக்கான 2019 ஜனவரி அறிவிக்கையில் ஓதநீர் ஏறும் ஓடை, கழி, ஆறு ஆகியவற்றின் கரையில் 50 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இவற்றில் எது குறைவோ அதுவே எல்லை. அதற்கு முன் அது 100 மீட்டராக இருந்தது. ஓடையில் எதுவரை இந்த விதி செல்லும் என்பதை உப்புத்தன்மை தீர்மானிக்கிறது: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு உப்பு காணப்படும் இடம் வரை அது கடல் சார்ந்த நீர்நிலை. மழைக்காலத்தில் ஓடைநீரை வாயில் விட்டுப் பார்த்து நன்னீர் என்று முடிவு செய்வது பயன் தராது.

மண் கொட்டி மனையை உயர்த்தினால் கோடு பின்னால் போய்விடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. பெருநில விதிகள் கரைகளுக்கும் மதகுகளுக்கும் சலுகை தருவது உண்மை. அவை 1991 பிப்ரவரி 19-க்கு முன் கட்டப்பட்டிருந்தால் உயர் ஓதக் கோடு அக்கரையோடு நிற்கும். நேற்றுப் போட்ட கரைக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஊராட்சியா, நகராட்சியா?

கோடு எங்கே என்பது முதல் கேள்வி. மனை எந்த மண்டலத்தில் என்பது அடுத்தது. நகராட்சி எல்லைக்குள் அல்லது சட்டப்படி அறிவிக்கப்பட்ட நகர்ப்பகுதிக்குள், பாதிக்கும் மேற்பட்ட மனைகளில் கட்டடங்கள் எழுந்து, சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகள் பெற்ற கரையோரம் இரண்டாம் மண்டலம் எனப்படும். அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்தின் பக்கமாக, நகரமைப்பு விதிகளுக்கு உட்பட்டுக் கட்டலாம். பெரிதும் மாற்றம் காணாத ஊரகக் கரை மூன்றாம் மண்டலம். கட்டுமானத் தடைப் பகுதி பற்றிய பேச்செல்லாம் இதற்குத்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கராச்சர்மா 'கணக்கெடுப்பு நகரம்' என்று குறிக்கப்பட்டுள்ளது. இது மக்கள்தொகை, அடர்த்தி, தொழில் ஆகியவற்றைக் கொண்டு கணக்கெடுப்புத் துறை தரும் அடையாளம் மட்டுமே. இதனால் ஓர் ஊர் நகராட்சி ஆகிவிடாது. இரண்டாம் மண்டலமும் ஆகிவிடாது. தம் மனை நகராட்சி எல்லைக்குள் உள்ளதா, ஊராட்சிக்கு உட்பட்டதா என்பதையும், நடைமுறையில் உள்ள மண்டலத் திட்டத்தில் அது எப்படிக் குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் தனித்தனியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாததன் விலையை நாடே நேரலையில் பார்த்தது. கேரள மாநிலம் கொச்சியை அடுத்த மரடுவில், காயல் கரையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட 2006-இல் அப்போதைய ஊராட்சி அனுமதி வழங்கியது. அப்போது அந்த இடம் மூன்றாம் மண்டலம். கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவு பெறப்படவில்லை. பின்னர் மரடு நகராட்சி ஆனது; புதிய திட்டத்தில் அப்பகுதி இரண்டாம் மண்டலத்துக்கு மாறியது. ஆயினும் கட்டியபோது இருந்த விதியே பொருந்தும் எனக் கண்ட உச்ச நீதிமன்றம், 2019 மே 8 அன்று கட்டடங்களை அகற்ற ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் நான்கு குடியிருப்புத் தொகுதிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்ட வீடுகள் மண்ணாயின. உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா ரூ.25 லட்சம் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் உள்ளாட்சியின் முத்திரையைப் பார்த்து நம்பியவர்கள்.

மரடுவின் பாடம் அந்தமானுக்கும் நேரடியாகப் பொருந்தும். உள்ளாட்சி தரும் கட்டட அனுமதி ஒன்று. கடலோர விதிகளின் கீழ் வரும் இசைவு மற்றொன்று. நாளை நகராட்சி எல்லை விரியும் என்ற எதிர்பார்ப்பில் இன்று அடித்தளம் போடுவது பாதுகாப்பான கணக்கன்று.

சிறு வீடு கட்டுவோருக்கு என்ன வழி?

சொந்தக் குடியிருப்புக்காகச் சிறிய வீடு கட்டுவோர் புது தில்லி வரை அலைய வேண்டியதில்லை. 2019 விதிகளின்படி, மொத்தக் கட்டுமானப் பரப்பு 300 சதுர மீட்டர் வரையிலான சொந்த வீட்டுக்கு உள்ளாட்சியே ஒப்புதல் தரலாம். கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. ஆனால் மண்டல விதிகளின்படி ஆராய்ந்த பிறகே ஒப்புதல் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. தடைப் பகுதியில் புது வீடு கட்ட இந்தச் சலுகை உதவாது. சதுர மீட்டர் அளவைக் கூறி அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்வோர் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

தீவுகளில் நில உரிமையின் தன்மையும் பெருநிலத்தைப் போன்றதன்று. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின் கீழ் நிலம் அரசுக்கு உரியது. மக்கள் அதை ஒப்படைப்பாகவும் உரிமமாகவும் அனுபவிக்கின்றனர். வேளாண்மைக்கு வழங்கிய நிலத்தில் வீடு கட்ட, நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே ஓடைக்கரை வயலை வீட்டுமனையாக வாங்குபவர் மூன்று தனித்தனி ஒப்புதல்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது: வருவாய்த் துறையின் பயன்பாட்டு மாற்றம், கடலோர மண்டல நிலை, கட்டட வரைபட அனுமதி. ஒன்று கையில் இருப்பதால் மற்றவை தாமாகக் கிடைத்துவிடா. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே புல எண்ணைக் குறிப்பிட்டு மண்டல நிலையை எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது. அப்போது எந்த ஆண்டின் வரைபடத்தைக் கொண்டு பதில் தரப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2004-க்கு முந்தைய அளவீட்டை நம்பிய பதில் சிப்பிகாட் ஓரத்தில் செல்லாது.

ஏற்கெனவே தடைப் பகுதிக்குள் வாழ்வோரை விதிகள் வெளியேற்றுவதில்லை. முறைப்படி அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம். இருக்கும் தரைப்பரப்பும் தளப்பரப்பும் மிகாமல் திரும்பக் கட்டலாம். மாடி எழுப்பவோ பக்கவாட்டில் நீட்டவோ முடியாது. பயிர் செய்யலாம், தோட்டம் போடலாம். உப்பேறிய தாழ்நிலங்களுக்கென அகலப் பாத்தியும் வாய்க்காலும் மாறி மாறி அமைக்கும் முறையைக் கராச்சர்மாவின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்து வந்துள்ளது. மேட்டில் காய்கறி, பள்ளத்தில் மீன். வீடு கட்ட இயலாத நிலம் முற்றிலும் பயனற்றது என்று எண்ண வேண்டியதில்லை.

கோட்டை ஒரே வீச்சில் வரைந்தால் என்ன நேரும் என்பதை இலங்கை காட்டியது. ஆழிப்பேரலைக்குப் பின் அங்கே தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் எனத் தடைப் பகுதி அறிவிக்கப்பட்டது. கரையை விட்டால் பிழைப்பு இல்லாத மீனவக் குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. மாற்று நிலமும் போதுமான அளவு கிடைக்கவில்லை. 2005-க்குள்ளாகவே அரசு அந்த அளவுகளைத் தளர்த்தியது. தமிழகத்தில் 2005 மார்ச் மாத அரசாணை, 200 மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு உள்ளே சென்று குடியேறும் வாய்ப்பை அளித்தது. அங்கேயே இருக்க விரும்பியோரைக் கட்டாயப்படுத்தவில்லை.

வரைபடத்தின்மீது மக்களுக்கும் ஒரு பிடி உண்டு. மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு, இறுதி செய்யப்படும் முன் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்பட வேண்டும். தம் வயல் இன்னும் வயலாகவே காட்டப்பட்டுள்ளதா, ஓதநீர் ஏறாத மேடு ஓதப் பகுதியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதைச் சுட்டிக்காட்டி எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கிறது. பெருவோத நாளில் நீர் எட்டும் இடத்தைத் தேதியுடன் எடுத்த புகைப்படமும் புல வரைபடமும் அத்தகைய மனுவுக்கு வலுச் சேர்க்கும். திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகு அதே குறையைச் சரிசெய்ய, தனியொரு குடும்பம் ஆணையத்தையும் அமைச்சகத்தையும் நீதிமன்றத்தையும் நாட வேண்டியிருக்கும்.